விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு ரயிலிலும் பஸ்ஸிலும்: திட்டத்தை ஹோட்டல் வாசலில் தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: தெரியாத ஊருக்கு முதல் தடவையாகப் போகிறேன், விமானம் மாலை ஏழு மணிக்கு இறங்குகிறது, கையில் ஒரு பெரிய பெட்டியும் ஒரு முதுகுப்பையும் இருக்கும், டாக்சி பிடிக்காமல் ரயில், பஸ் என்று பொதுப் போக்குவரத்திலேயே ஊருக்குள் இருக்கும் ஹோட்டலுக்குப் போய்ச் சேர முடியுமா?

முடியும். ஓரளவு பெரிய நகரம் என்றால் ரயிலோ பஸ்ஸோ ஏதாவது ஒன்று அநேகமாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதும் பெரிய வேலை இல்லை, விமான நிலையத்தின் இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. ரயிலில் உட்கார்ந்திருக்கும் நாற்பது நிமிடம் யாரையும் படுத்துவதில்லை. அதற்கு முன்னால் டெர்மினலிலிருந்து பிளாட்பாரத்தைத் தேடிப் போகிற கால் மணி நேரமும், இறங்கியபின் ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலைத் தேடிப் போகிற கால் மணி நேரமும்தான் ஆளைச் சோதிக்கும். அதிலும் அந்தக் கடைசி அரை கிலோமீட்டர் இருக்கிறதே, பாதிப் பேர் அதை யோசிப்பதே இல்லை. அதனால் நான் எப்போதும் திட்டத்தைத் தலைகீழாகத்தான் போடுவேன். முதலில் ஹோட்டல் வாசல், அப்புறம் ஸ்டேஷன், கடைசியில்தான் விமான நிலையம்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தடவை நான் பதிவு செய்திருந்த ஹோட்டல், ரயில் நிலையத்திலிருந்து 300 மீட்டர் என்று போட்டிருந்தது. பொய் இல்லை. வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் 300 மீட்டர்தான். நடுவே எட்டுத் தண்டவாளம் இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் வெளியே வந்தது ஸ்டேஷனின் எதிர்ப்பக்கம். மறுபக்கம் போக ஒரு சுரங்கப்பாதை. இறங்க முப்பத்திரண்டு படி, ஏற முப்பத்திரண்டு படி. 23 கிலோ பெட்டியை ஒவ்வொரு படியிலும் வைத்து வைத்து இறக்குகிறவனுக்குப் படியை எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. மேலே ஏறினால் கருங்கல் பாவிய தெரு. அதில் பெட்டியின் சக்கரம் ஒன்று கல் இடுக்கில் மாட்டிக் கழன்றே போயிற்று. ஸ்டேஷனின் பின்வாசல் வழியாக வந்திருந்தால் சமதரையில் நான்கு நிமிட நடை. மறுநாள் காலை கைவீசிக்கொண்டு நடந்துபார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே முதல் வேலை, ஹோட்டலுக்குப் பக்கத்து ஸ்டேஷன் எது என்பதோடு நிற்காமல், அந்த ஸ்டேஷனின் எந்த வாசல் என்பதையும் பார்த்து வைப்பது. டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேல் வாசல்கள். தவறான ஒன்றில் வெளியே வந்தால், ஹோட்டல் கண்ணுக்குத் தெரிந்தாலும் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். ஹாங்காங், சிங்கப்பூர், சியோல் போன்ற ஊர்களில் ஒவ்வொரு வாசலுக்கும் எழுத்தோ எண்ணோ கொடுத்து ரயில் நிலையத்துக்குள்ளேயே பலகை வைத்திருப்பார்கள். அங்கெல்லாம் வழி கேட்பதென்றால் தெருப் பெயரைவிட வாசல் எண்ணைச் சொல்வதே சுலபம். இன்னொன்று, லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. பல ஸ்டேஷன்களில் ஒரே ஒரு வாசலில்தான் இருக்கும், அதுவும் நமக்கு வேண்டிய பக்கமாக இருக்காது. பழைய மெட்ரோக்களில் அதுவும் கிடையாது. பாரிஸ் மெட்ரோவில் எல்லா ஸ்டேஷனிலும் படியில்லாமல் ஏறி இறங்க முடிவது 14ஆம் எண் வழித்தடத்தில் மட்டுமே. லண்டன் சுரங்க ரயிலிலும் படிக்கட்டு மட்டுமே உள்ள பழைய நிலையங்கள் நிறைய. அதனால் மிக அருகில் இருக்கும் ஸ்டேஷன்தான் நல்ல ஸ்டேஷன் என்று நினைக்காதீர்கள். ஒரு நிறுத்தம் தள்ளி லிஃப்ட் உள்ள ஸ்டேஷனில் இறங்கி, பத்து நிமிடம் சமதரையில் பெட்டியை உருட்டிக்கொண்டு போவது எவ்வளவோ மேல்.

வாசல் தெரிந்ததும், கூகுள் மேப்ஸில் தெருக் காட்சியை (ஸ்ட்ரீட் வியூ) திறந்து, ஸ்டேஷன் வாசலிலிருந்து ஹோட்டல் வரை ஒரு முறை விரலாலேயே நடந்துபாருங்கள். மேடு இருக்கிறதா, நடைபாதை இருக்கிறதா, சாலையைக் கடக்கச் சிக்னல் இருக்கிறதா, மேம்பாலப் படி ஏற வேண்டுமா என்றெல்லாம் தெரிந்துவிடும். ஹோட்டல் முகப்பு எப்படி இருக்கும் என்றும் தெரியும். இருட்டில், களைப்பில், முன்பே பார்த்த ஒரு முனைக் கடையோ பச்சை நிறக் கதவோ கண்ணில் பட்டால் வரும் நிம்மதி தனி.

இன்னும் ஹோட்டல் பதிவு செய்யவில்லை என்றால் உங்கள் பாடு இன்னும் சுலபம். விமான நிலையத்திலிருந்து வரும் வழித்தடம் எந்தெந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று பார்த்து, அவற்றில் ஒன்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஹோட்டலைப் பிடியுங்கள். ஒருமுறை வண்டி மாறுவது என்பது காகிதத்தில் ஐந்து நிமிடம். பெட்டியோடு, தெரியாத ஸ்டேஷனில், இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வண்டி மாறாத ஒரு மணி நேரத்தை, இரண்டு முறை மாறும் நாற்பது நிமிடத்தைவிட எப்போதும் மேலாக நினைப்பேன்.

அடுத்தது எந்த வண்டி. இங்கேதான் விளம்பரம் நம்மை இழுக்கும். பல விமான நிலையங்களில் ஒரே இடத்திலிருந்து இரண்டு விதமான ரயில் கிளம்பும். ஒன்று எக்ஸ்பிரஸ், வருகை அரங்கம் முழுக்க அதன் பலகைதான். இன்னொன்று அந்த ஊர்க்காரர்கள் போகிற சாதாரண ரயில், பலகை சின்னதாக இருக்கும். ஆஸ்லோவில் எக்ஸ்பிரஸ் மத்திய நிலையத்துக்குச் சுமார் இருபது நிமிடத்தில் போகிறது. சாதாரண ரயிலும் அதே நிலையத்துக்குத்தான் போகிறது, சில நிமிடம்தான் கூடுதல், கட்டணம் கிட்டத்தட்டப் பாதி. கோலாலம்பூரில் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதல் டெர்மினலிலிருந்து 28 நிமிடத்தில் ஊருக்குள் இருக்கும் கேஎல் சென்ட்ரல் நிலையம். அதே தண்டவாளத்தில் ஓடும் டிரான்சிட் ரயில் நடுவே மூன்று நிலையங்களில் நின்று போகும், பத்து நிமிடம் போலக் கூடும். லண்டன் ஹீத்ரோவில் கணக்கு இன்னும் சுவையானது. எக்ஸ்பிரஸ் பதினைந்து நிமிடத்தில் பாடிங்டன் போய்விடும், ஆனால் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் ஹோட்டல் பாடிங்டனில் இல்லையென்றால் அங்கே இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். 2022இல் நகரின் நடுப்பகுதி திறந்தபின், ஹீத்ரோவிலிருந்து கிளம்பும் எலிசபெத் லைன் மெதுவாகப் போனாலும் நகரத்தின் குறுக்கே நேராகப் போகிறது. 1977 முதல் ஹீத்ரோவுக்குள் வரும் பிக்காடிலி லைன் எல்லாவற்றிலும் மெதுவானது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ஆனால் அந்தப் பாதையிலேயே உங்கள் ஹோட்டல் இருந்தால் அதுதான் சுகம். எது வேகமான ரயில் என்பதை விட்டுவிட்டு, ஹோட்டல் வாசலுக்கு எது முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கணக்குப் போடுங்கள்.

பஸ்ஸை மட்டமாக நினைக்கவேண்டாம். பெட்டியை அடியில் போட்டுவிட்டு உட்காரலாம், ஜன்னல் வழியே ஊர் தெரியும், பிளாட்பாரம் தேடும் வேலை இல்லை. டோக்கியோவில் விமான நிலைய லிமோசின் பஸ்கள் பெரிய ஹோட்டல்கள் சிலவற்றின் வாசலிலேயே கொண்டுவந்து விடும். ஹாங்காங்கில் 'ஏ' என்று தொடங்கும் எண்ணுள்ள பஸ்களில் பெட்டி வைக்கத் தனி அடுக்கே உண்டு. பஸ்ஸின் ஒரே எதிரி, மாலை நேரப் போக்குவரத்து நெரிசல். ஏழு மணிக்கு இறங்கி, வெளியே வர எட்டரை ஆகிறது என்றால் அதுவும் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

விமான நிலையம் எது என்பதிலேயே ஏமாறுகிறவர்கள் உண்டு. டிக்கெட்டில் ஊர்ப் பெயர் இருந்துவிட்டால் போதாது. பாரிஸ் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொவே விமான நிலையம் பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் மேல். பிராங்க்ஃபர்ட் ஹான், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். டோக்கியோவுக்கு நரீதா அறுபது கிலோமீட்டர் தள்ளி, ஹனேதா ஊரை ஒட்டி. பாங்காக்கில் இரண்டு, இஸ்தான்புல்லில் இரண்டு, இரண்டுக்கும் ரயில் பாதை வேறு வேறு. டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்துவிட்டு அந்தக் குறியீட்டை வைத்தே வழி தேடுங்கள்.

அதற்கப்புறம் டெர்மினல். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அரை மணி நேரத்தை விழுங்கக்கூடியது. சிங்கப்பூர் சாங்கியில் மெட்ரோ நிலையம் இரண்டாம், மூன்றாம் டெர்மினல்களுக்கு நடுவே. நான்காம் டெர்மினலில் இறங்கினால் முதலில் இலவச பஸ் பிடித்து வரவேண்டும். துபாய் விமான நிலையத்தில் ஒன்றாம், மூன்றாம் டெர்மினல்களில் மெட்ரோ உண்டு, இரண்டாவதில் கிடையாது. பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில், ஊருக்குள் போகும் ஆர்.இ.ஆர். பி ரயிலுக்கு இரண்டு நிலையங்கள். இரண்டாம் டெர்மினலுக்கு ஒன்று, ஒன்று மற்றும் மூன்றாம் டெர்மினல்களுக்கு இன்னொன்று. நடுவே இலவசக் குட்டி ரயில் ஓடுகிறது. பிராங்க்ஃபர்ட்டில் உள்ளூர் ரயிலுக்கு ஒரு நிலையம், நெடுந்தூர ரயிலுக்கு வேறொரு நிலையம். நியூயார்க் ஜேஎஃப்கேயில் ஏர்டிரெய்ன் என்ற விமான நிலைய ரயில் டெர்மினல்களுக்குள் சுற்றும்வரை இலவசம், ஜமைக்கா அல்லது ஹோவர்ட் பீச் நிலையத்தில் வெளியேறும்போது காசு, அப்புறம் சுரங்க ரயிலுக்குத் தனிக் காசு. இவையெல்லாம் ஒரு வரிச் செய்திகள்தான். விமானத்தில் ஏறும் முன் தெரிந்திருந்தால் ஒன்றுமில்லை, இறங்கியபின் தெரிந்துகொண்டால் எரிச்சல்.

இப்போது டிக்கெட். தொட்டால் காசு எடுத்துக்கொள்ளும் வங்கி அட்டை உங்களிடம் இருந்தால், லண்டன், சிங்கப்பூர், நியூயார்க், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர்களில் டிக்கெட் வாங்கும் வேலையே இல்லை. வாயிலில் அட்டையைக் காட்டி உள்ளே போகலாம். வெளியேறும்போதும் அட்டை கேட்கும் ஊர்களில் இரண்டு விஷயம் கவனம். ஒரே அட்டையால்தான் உள்ளேயும் வெளியேயும் தொடவேண்டும். அதே அட்டையைத் தொலைபேசியில் ஏற்றி வைத்திருந்தாலும், உள்ளே போகும்போது அட்டை, வெளியே வரும்போது தொலைபேசி என்று மாற்றினால் இயந்திரம் இருவராகத்தான் நினைக்கும், இரண்டு பேருக்கும் உச்சக் கட்டணம் போட்டுவிடும். இரண்டு பேர் பயணம் செய்தால் இரண்டு அட்டை வேண்டும். கிளம்பும் முன், அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொடு வசதியும் திறந்திருக்கின்றனவா என்று வங்கிச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

செயலி வழியாக டிக்கெட் வாங்கலாம் என்று நம்பிப் போகிறவர்கள் மாட்டுவது ஓடிபியில். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி உங்கள் ஊர் எண்ணுக்கு வரும். அந்த சிம் ரோமிங் இல்லாமல் செத்துக் கிடக்கும். டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்று, பின்னால் ஏழெட்டுப் பேர் பெட்டியோடு காத்திருக்க, வராத ஓடிபிக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம் ரொம்ப நீளமானது. செயலியில்தான் வாங்குவதென்றால் வீட்டிலிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் உள்ளூர்ப் பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை நோட்டாக இருந்தால் நல்லது, பெரிய நோட்டை இயந்திரங்கள் பல நேரம் துப்பிவிடும்.

ஊருக்குள் செல்லும் சாதாரண டிக்கெட் விமான நிலையத்துக்கும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். இது ஊர் ஊராக இருக்கும் பொறி. புடாபெஸ்டின் 100இ விமான நிலைய பஸ்ஸுக்குத் தனி டிக்கெட். மாட்ரிட் மெட்ரோவில் விமான நிலையத்துக்கென்று கூடுதல் கட்டணம், சிட்னியில் விமான நிலைய ஸ்டேஷனைப் பயன்படுத்தவே தனிக் கட்டணம், பிரஸ்ஸல்ஸிலும் அப்படியே. காகித டிக்கெட் வாங்கும் இத்தாலி, ப்ராக், புடாபெஸ்ட் போன்ற இடங்களில், ஏறும் முன்போ ஏறியவுடனோ சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டியிருக்கும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். வாங்கியிருக்கிறேனே என்று பரிசோதகரிடம் காட்டினால் அபராத ரசீதுதான் கிடைக்கும். டிக்கெட்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருங்கள். பாரிஸ் ஆர்.இ.ஆர். மாதிரி சில இடங்களில் வெளியேறவும் அது வேண்டும்.

நேரக் கணக்குக்கு வருவோம். விமானம் ஏழு மணிக்கு என்றால் நீங்கள் ஏழு மணிக்கு வெளியே வரப்போவதில்லை. தரையிறங்கி, கதவு திறந்து, நீள நெடுக நடந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி வந்து, சுங்கம் தாண்டி வெளியே வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் எட்டரை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பத்தரை. ஆகவே நீங்கள் பார்க்கவேண்டியது எட்டரை மணி ரயிலோடு, கடைசி ரயில் எப்போது என்பதையும். நரீதாவில் டோக்கியோ ரயில்கள் இரவு பதினொன்றை ஒட்டி முடிந்துவிடும். சிகாகோ ஓஹேரின் புளூ லைனும் கோபன்ஹேகன் மெட்ரோவும் இரவு முழுக்க ஓடும். லண்டன் பிக்காடிலி லைன் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் விடிய விடிய ஓடும். வரைபடச் செயலியில் வழி தேடும்போது 'இப்போது' என்று விடாமல், நீங்கள் இறங்கும் தேதியையும் நேரத்தையும் போட்டுத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கால அட்டவணை வேறு, பாதை பராமரிப்பு என்று ரயிலை நிறுத்துவதும் பெரும்பாலும் வார இறுதியில்தான். விமான நிலைய ரயிலைப் பிடித்துவிட்டு, மாறவேண்டிய அடுத்த ரயிலின் கடைசி வண்டியைத் தவறவிட்டவர்களும் உண்டு. ஆகவே அதையும் பார்த்துவிடுங்கள்.

பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்களால் ஒரே ஆளாக, யார் உதவியும் இல்லாமல், ஒரு மாடிப் படிக்கட்டு ஏற்ற முடியாத பெட்டி என்றால் பொதுப் போக்குவரத்துக்கு அது ஒத்துவராது. வீட்டிலேயே ஏற்றிப் பாருங்கள். துபாய் மெட்ரோ போன்ற சிலவற்றில் பெட்டியின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடே இருக்கிறது. ஜப்பானில் இதற்கு அழகான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: விமான நிலையத்திலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டால் கூரியர்காரர்கள் ஹோட்டலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாள். முதல் இரவுக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் வைத்துக்கொண்டு காற்றாடப் போகலாம். ரயிலுக்குள் பெட்டியைக் கதவுப் பக்கம் அடுக்கில் வைத்துவிட்டுத் தூரப் போய் உட்காராதீர்கள், கண் பார்வையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் பணமும் முன்பக்கம். நீண்ட பயணக் களைப்பில் இருப்பவர்களைத் தேடியேதான் ஜேப்படிக்காரர்கள் விமான நிலைய ரயிலில் ஏறுகிறார்கள்.

சுங்கத்தைத் தாண்டிக் கண்ணாடிக் கதவு திறந்ததும் ஒரு கூட்டம் உங்களைப் பார்க்கும். அதில் சிலர் "டாக்சி? எந்த ஹோட்டல்?" என்று கூடவே வருவார்கள். ரயில் இன்று ஓடவில்லை, பஸ் போய்விட்டது என்று அக்கறையாகச் சொல்பவர்களும் உண்டு. பதில் சொல்லாமல் நடங்கள். நின்று பதில் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் கழிவறை, அப்புறம் ஒரு ஓரமாக உட்கார்ந்து நிலையத்தின் இலவச வைஃபையில் ஹோட்டலுக்குப் போகும் வழியை இன்னொரு தடவை பாருங்கள். ரயில் நிஜமாகவே ஓடவில்லை என்றால் அதிலேயே தெரியும். இந்த ஐந்து நிமிடத்தை நான் விடுவதே இல்லை, அவசரத்தில் எதிர்த்திசை ரயிலில் ஏறுவதெல்லாம் இதைச் செய்யாதபோதுதான் நடக்கும். ஹோட்டல் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ளூர் எழுத்தில் ஒரு படமாகத் தொலைபேசியில் இருக்கட்டும், காகிதத்திலும் இருக்கட்டும். ஜப்பான், சீனா, தாய்லாந்து போன்ற இடங்களில் ரோமன் எழுத்தில் உள்ள முகவரியைக் காட்டினால் உதவ நினைப்பவருக்கும் படிக்க வராது. சங்கிலி ஹோட்டல் என்றால் அதே பெயரில் அதே ஊரில் ஐந்தாறு இருக்கும். பெயரோடு தெருவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும், எல்லா நேரத்திலும் இது சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு தாண்டி இறங்குகிறீர்கள், கூட வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிறது, நாலு பேர் நாலு பெட்டி என்றால் டாக்சி வரிசையில் போய் நில்லுங்கள். நாலு பேருக்கு எக்ஸ்பிரஸ் ரயில் டிக்கெட் போட்டுப் பார்த்தால் சில ஊர்களில் டாக்சியே மலிவாகக்கூட வரும். நடுவழி ஒன்றும் இருக்கிறது, எனக்குப் பிடித்ததே அதுதான். நெடுந்தூரத்தை ரயிலில் போய், ஊருக்குள் ஒரு நல்ல ஸ்டேஷனில் இறங்கி, கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் டாக்சி. காசு அதிகம் போகிற நெடுஞ்சாலையை ரயில் பார்த்துக்கொள்ளும். படிக்கட்டையும் கருங்கல் தெருவையும் டாக்சி பார்த்துக்கொள்ளும். பாங்காக்கில் ஏர்போர்ட் லிங்க் ரயிலில் மக்காசன் அல்லது பயா தை ஸ்டேஷன் வரை வந்து அங்கிருந்து டாக்சி எடுப்பவர்கள் பலர். மாலை நெரிசலில் முழுத் தூரமும் காரில் உட்கார்ந்திருப்பவரைவிட அவர்கள் முன்னால் போய்ச் சேர்வதும் உண்டு.

திரும்பி வரும் நாளுக்கு ஒன்று மட்டும். போன வழியிலேயே வந்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறாதீர்கள். விமான நிலையத்திலிருந்து வரும்போது பல ஊர்களில் ரயில் நேரே ஊருக்குள்தான் போகும். ஊரிலிருந்து போகும்போது பாதை கிளை பிரியலாம். பாரிஸ் ஆர்.இ.ஆர். பி-யில் பாதி ரயில் விமான நிலையத்துக்கு, பாதி மித்ரி கிளைக்கு. சிங்கப்பூரில் தானா மேரா ஸ்டேஷனில் இறங்கி மாறவேண்டும், மாறாமல் உட்கார்ந்திருந்தால் வண்டி பாசிர் ரிஸ் போய்விடும். ரயிலுக்குள் கால் வைக்கும் முன் பிளாட்பாரப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.